பெண் வீட்டுக் கொடி

கப்பல் கரியாக்கு தீவின் ஹில்ஸ்பரோ துறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஆஸ்லின் தன் மடியிலிருந்த கேக் பெட்டியில் யாரையும் கை வைக்க விடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மரியாதைக்கு எழுந்து நின்று, கனமாக இருக்கிறதே, இங்கே வையுங்கள் என்றார். கனம்தான். பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு கனமா என்று கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டாள்.

அது கல்யாணக் கேக். அவளுடைய ஒரே மகன் காஸ்மஸுக்கு அன்று பிற்பகல் பெரிய தீவின் தலைநகரான செயின்ட் ஜார்ஜஸில் கல்யாணம். திராட்சையும் செர்ரியும் மாதக்கணக்காக ரம்மில் ஊறியதில் கேக் தார் போலக் கறுத்திருந்தது. கரியாக்கு தீவின் ரம் லேசுப்பட்டதல்ல. ஐஸ் போட்டால் மிதக்காது, கல் மாதிரி அடிக்குப் போய்விடும். பெட்டியை மூடித் துணி சுற்றிக் கட்டியும் வாசனை அடங்கவில்லை. அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவளுக்கு இந்தப் பக்கம் கணவன் வில்மோர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு நீளக் கழி; அதில் சுற்றியிருந்தது மாப்பிள்ளை வீட்டுக் கொடி, சிவப்புப் பட்டு. அவர்கள் ஊரான விண்ட்வர்டில் மிதக்கிற படகுகளில் பாதி வில்மோர் கட்டியவை. ஆனால் கரை கண்ணுக்கு மறைந்தால் போதும், அவனுக்கு வயிறு புரட்டிக்கொண்டு வரும். அலை ஒவ்வொன்றுக்கும் அவன் தலை இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"கொடியை ஆட்ட வேண்டியவன் நீ. நீயே ஆடிக்கிட்டு வந்தா எப்படி?" என்றாள் ஆஸ்லின்.

"கரை வரட்டும்" என்றான் வில்மோர், கண்ணைத் திறக்காமல்.

விண்ட்வர்டில் ஒரு கல்யாணம் என்றால் சர்ச்சுக்குள் பாதிரியார் செய்து முடிப்பது பாதிதான். மீதிப் பாதி தெருவில் நடக்கும். பெண் வீட்டிலிருந்து ஒருத்தி தங்கள் கேக்கைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு வருவாள். மாப்பிள்ளை வீட்டுக்காரி தன் கேக்கோடு எதிரே வருவாள். பிடிலும் மத்தளமும் முழங்க, ஒருத்தியை ஒருத்தி தொடாமல், தள்ளாமல், ஆட்டத்தாலேயே பின்வாங்க வைக்க வேண்டும். யார் கேக் முதலில் தலையை விட்டு இறங்குகிறதோ அந்த வீடு தோற்றது. கூடவே கொடியாட்டமும் உண்டு. இரண்டு வீட்டுக் கொடிகளும் காற்றில் மோதிக்கொள்ளும். கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக் கொடி மேலேயும் பெண் வீட்டுக் கொடி கீழேயும் வந்து நிற்கும். கேக்கில் எந்த வீடும் ஜெயிக்கலாம். கொடியில் மட்டும் முடிவு ஊருக்கே முன்கூட்டித் தெரியும்.

கேக் ஆடுவதில் ஆஸ்லினுக்கு நிகர் கரியாக்குவில் கிடையாது. ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் ஆடி ஜெயித்தவள், சொந்த மகன் கல்யாணத்துக்கு ஆட இத்தனை வருஷம் காத்திருந்தாள். பெண் டவுன்காரி என்று தெரிந்தபோது அவளுக்கு வருத்தமில்லை. எதிரே ஆட யார் வருவார்கள் என்ற யோசனை மட்டும்தான்.

செயின்ட் ஜார்ஜஸின் கரனாஜ் துறையில் இறங்கியபோது ஊர் முழுவதும் விழித்து, அலங்கரித்து, சண்டைக்குத் தயாராக நின்றது. ஜாதிக்காய் மூட்டைகள் ஒரு பக்கம் ஏறின, சிமெண்ட் மூட்டைகள் ஒரு பக்கம் இறங்கின. உல்லாசக் கப்பல்களில் வந்தவர்கள் சுரங்கப் பாதை வழியாகக் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மினி பஸ் நடத்துநர்கள் ஆளாளுக்கு ஒரு பயணியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் ஆஸ்லினின் முழங்கையைப் பிடித்தான்.

"ஏறுங்கம்மா. கேக்குக்குத் தனி சீட்டு தர்றேன், ஜன்னலோரமா."

"முதல்ல கையை எடு. இது ஆடற கேக்கு, ஓடற கேக்கு இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே விலகி அடுத்தவரைப் பிடிக்கப் போனான்.

காஸ்மஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். துறைமுகத்து இழுவைப் படகில் வேலை பார்ப்பவன்; வாட்டசாட்டமான ஆள். மாப்பிள்ளைக்கு முகம் சவரம் செய்து பளபளத்தது, ஆனால் களை இல்லை. அம்மாவை அணைத்துக்கொண்டான், அப்பாவிடமிருந்து பையை வாங்கிக்கொண்டான். அப்புறம் கேக் பெட்டியைப் பார்த்தான், கழியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத."

"இப்படி ஆரம்பிச்சாலே கோவிச்சுக்கற விஷயம்தான். சொல்லு."

அவன் சொன்னான். பெண்ணின் அம்மா அர்லெட்டுக்கு ஆட்டம் வேண்டாமாம். பெரிய ஹோட்டலில் மூன்றடுக்கு வெள்ளைக் கேக் சொல்லி வைத்திருக்கிறார்களாம். சர்ச் முடிந்ததும் கார்கள் நேராகக் கரனாஜ் கோடியிலுள்ள ஹாலுக்குப் போய்விடும். அம்மா கொண்டுவந்த கேக்கையும் ஹாலில் வைத்து வெட்டலாம், ஆட்டம் மட்டும் வேண்டாம். மெர்லிசாவுக்கு ஆட்டம் பார்க்க ஆசைதான், ஆனால் அம்மா பேச்சைத் தட்டமாட்டாள். இதை முன்பே போனில் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை.

ஆஸ்லின் கேக் பெட்டியின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். வில்மோர் கெட்டியான தரையில் கால் பட்ட சந்தோஷத்தில் இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள், பெண்ணின் அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன், வழியைக் காட்டு என்றாள். காஸ்மஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சண்டை போடப் போறியா?"

"பொண்ணு எடுக்கற வீட்ல போய் யாராவது சண்டை போடுவாங்களாடா? சம்பந்தியைப் பாக்கப் போறேன். நீ போய்க் குளி."

அர்லெட் கரனாஜிலேயே ஒரு மாடியில் தொப்பிக் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தலை நிமிர்ந்து உட்கார விரும்புகிற எந்தப் பெண்ணும் அவள் படியேறித்தான் ஆக வேண்டும். படிக்கட்டின் அடியில், பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைப் போட்டு, டோரெத் என்ற மீன்காரி கத்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். அவள் குரல் அக்கரை வரை எட்டும். கேக் வாசனை மூக்கில் ஏறியதும் செதில் உரிப்பதை நிறுத்தினாள்.

"தங்கச்சி, ரம் கேக்கா? ஒரு துண்டு குடு, ஒரு மீன் தர்றேன்."

கல்யாணக் கேக், இப்போது வெட்ட முடியாது என்றாள் ஆஸ்லின். யார் கல்யாணம், என்ன உறவு என்று டோரெத் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"மேல இருக்கறது உன் சம்பந்தியா? சரியாப் போச்சு. அந்தம்மா கழுத்துல கம்பியோட பொறந்தவ. நீ குனிஞ்சு வணக்கம் சொன்னா அவளுக்குத் திருப்பிக் குனிய வராது. தப்பா எடுத்துக்காத."

அர்லெட் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாள். உயரம், சாம்பல் நிற உடையில் ஒரு மடிப்புக்கூட இல்லை, கழுத்து பாய்மரம் போல நிமிர்ந்து நின்றது. ஆனால் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். தொப்பிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள். இஞ்சி பீர் ஊற்றிக் கொடுத்தாள். கடல் எப்படி இருந்தது என்று விசாரித்தாள். வில்மோரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஆஸ்லின் நன்றாக இருந்தது என்றாள்.

பிறகு இரண்டு பேருமே விஷயத்துக்கு வந்தார்கள். தெருவில் ஆடுவது வெட்கமில்லை என்று ஆஸ்லின் சொன்னாள். உல்லாசக் கப்பலில் வந்தவர்கள் படம் எடுப்பார்களே என்றாள் அர்லெட். எடுக்கட்டும், அழகாகத்தான் இருக்கும் என்றாள் ஆஸ்லின். கேக் ஆடாத கல்யாணம் எங்கள் ஊரில் நிச்சயதார்த்தத்தோடு சரி என்று வேடிக்கையாகவும் சொல்லிப் பார்த்தாள். அர்லெட் புன்னகை செய்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தியம்மா, கேக்கைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. கொடியைப் பத்தி காஸ்மஸ் சொன்னான். மெர்லிசா பொறந்த வருஷம் அவ அப்பா அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனார். இன்னும் திரும்பி வந்துகிட்டே இருக்கார். இந்தத் தொப்பிகளைத் தச்சுத்தான் அவளை நர்ஸுக்குப் படிக்க வச்சேன். இப்ப இந்தத் துறைமுகமே பாத்துகிட்டு நிக்க, என் பொண்ணு கொடி கீழ, உங்க பையன் கொடி மேல. நான் நின்னு கை தட்டணும். அப்படித்தானே?"

 எப்போதும் அப்படித்தான் வழக்கம் என்று சொல்ல ஆஸ்லின் வாயெடுத்தாள். அப்போது தன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அவள் கல்யாணத்தில் அவளுடைய அப்பா வீட்டு நீலக் கொடி வில்மோர் வீட்டுக் கொடிக்குக் கீழே போனபோது, முகத்திரைக்குள் அவளுக்குச் சுருக்கென்று ஏதோ தைத்தது. அப்புறம் அவள் அக்கா கேக்கில் ஜெயித்துவிட்டதால் எல்லாரும் கத்திக் கொண்டாடினார்கள். அதில் அந்தச் சுருக் மறந்துபோயிற்று. அதைப் பற்றி யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் ஆடல. வாக்கு" என்றாள் ஆஸ்லின்.

ஆஸ்லின் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அர்லெட் எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு, கப்பல் கூட்டத்தில் நசுங்கிப்போயிருந்த ஆஸ்லினின் தொப்பியைக் கழற்றித் தரச் சொல்லி, ஆவியில் காட்டி, விளிம்பை விரலால் நீவி, பழையபடி ஆக்கினாள். பழையதைவிட நன்றாகவே இருந்தது. தன் கையாலேயே அதை ஆஸ்லின் தலையில் வைத்து ஊசி குத்திவிட்டாள்.

குன்றின் மேலிருந்த சர்ச்சில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மெர்லிசா சின்ன உருவம், பெரிய சிரிப்பு. மோதிரம் போடும்போது காஸ்மஸ் தடுமாற, அவளே அவன் கையைப் பிடித்துத் தன் விரலுக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் அல்லவா என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஆஸ்லின் அழுதாள். வில்மோரும் அழுதான், அவன் மட்டும் அதைக் கைக்குட்டையில் மறைத்தான்.

கார்கள் குன்றிலிருந்து இறங்கி கரனாஜ் முனைக்கு வந்தன. அங்கேயே நின்றுவிட்டன. வாழைத்தார் ஏற்றி வந்த லாரி ஒன்று அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பஸ்கள், இந்தப் பக்கம் கல்யாணம். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். லாரிக்காரன் ஒரு வாழைத்தாரின் மேல் உட்கார்ந்து, அடித்தால் அச்சு சேர்ந்துவிடுமா என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் இறங்கியது மெர்லிசாதான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஹால் கண்ணுக்கே தெரிகிறது, நடந்தே போய்விடலாம் என்றாள். அர்லெட்டுக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் வேறு வழியில்லை. பின்னால் வேனில் நின்ற ஹோட்டல் பேக்கரிக்காரர் வெள்ளைக் கோட்டில் வியர்த்துப்போய் இறங்கி, வெயிலில் கேக் இளகிவிடும் என்று பதறினார். காஸ்மஸின் நண்பர்கள் ஆளுக்கொரு அடுக்காகத் தூக்கிக்கொண்டார்கள். மேலடுக்கை அவர் யாரிடமும் கொடுக்காமல் தானே ஏந்திக்கொண்டார். ஆஸ்லின் தன் பெட்டியைத் திறந்து, கறுப்புக் கேக்கைத் தட்டோடு எடுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

தொப்பிக் கடையை நெருங்கும்போது கடல் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. விண்ட்வர்ட் பாய்க்கப்பல் ஒன்று அப்போதுதான் கரையில் வந்து அணைந்துகொண்டிருந்தது. காற்று விழுந்துவிட்டதால் சர்ச்சுக்கு வந்து சேர முடியாமல்போன ஊர்க்காரர்கள் அதில் நின்றார்கள். எல்லாரும் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள். கேப்டன் அத்னெல் கையில் பிடில், அவன் தம்பி தோளில் மத்தளம்.

"ஏ ஆஸ்லின், பிள்ளைத்தாச்சி வயித்தைப் புடிச்சுக்கிட்டு நடக்கற மாதிரி அதை ஏன் அணைச்சுக்கிட்டுப் போறே? தலைக்கு ஏத்து" என்றான் அத்னெல்.

"இன்னிக்கு ஆட்டம் இல்ல. வாக்குக் குடுத்திருக்கேன்."

அத்னெலுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் புரியவில்லை. அவன் கரையில் குதித்து வில்லை இழுத்துவிட்டான். கேக் ஆட்டத்துக்கென்றே உள்ள மெட்டு அது. ஆஸ்லினின் கால் விரல்கள் செருப்புக்குள் தாமாகவே அசைந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிடிலைக் கேட்டுக் கூட்டம் சேர்ந்தது. நகராத பஸ்களிலிருந்து நடத்துநர்கள் இறங்கி வந்தார்கள். டோரெத் கத்தியும் கையுமாக வந்து, இது என்ன ஆட்டம், ஏன் இந்தப் பொம்பளை ஆடாமல் நிற்கிறாள் என்று கேட்டாள். பாய்க்கப்பல்காரன் ஒருவன் விளக்கினான். டோரெத் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கரைக்கும் எட்டும்படி ஒரு முடிவு சொன்னாள்.

"அப்போ பொண்ணு வீட்ல ஆட ஆளில்ல. அதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, வாக்கு என்ன வாக்கு?"

நடத்துநர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பயணிகளைக் கூப்பிட்டுப் பழகிய வாய்கள். ஆளில்லை, டவுனில் ஆளில்லை என்று ஒருவன் ராகம் போட்டான். கரியாக்குக்காரர்கள் வந்து நம் தெருவில் ஆடாமலே ஜெயித்துவிட்டுப் போகிறார்கள் என்றான் இன்னொருவன். மெர்லிசா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அர்லெட் ஹாலை நோக்கி நடந்துகொண்டேதான் இருந்தாள். நாலைந்து அடி போனாள். நின்றாள். அந்தக் கழுத்து மெதுவாகத் திரும்பியது.

"யாருக்கு ஆளில்ல?"

ஹாரன்கள்கூட ஒரு நொடி ஓய்ந்தன. அர்லெட் கைப்பையை மகளிடம் கொடுத்தாள். ஆஸ்லினுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சம்பந்தியம்மா, உங்க வாக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன். எடுத்துக்கங்க."

ஆஸ்லினுக்கு இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேக்கரிக்காரர் மேலடுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேடம், இது ஆடுவதற்குச் செய்ததல்ல என்று மன்றாடினார். அர்லெட் அதை அவர் கையிலிருந்து பிரித்து எடுத்து காஸ்மஸ் கையில் வைத்தாள். தன் தொப்பியைக் கழற்றி, அதைச் சுற்றியிருந்த அகலமான மஞ்சள் பட்டுத் துணியை அவிழ்த்து, பக்கத்துப் படகிலிருந்த துடுப்பு ஒன்றில் கட்டினாள். அந்தத் துடுப்பை டோரெத்திடம் நீட்டினாள்.

"வாய் இருக்குல்ல? கையும் இருக்கும். பிடி."

டோரெத் கத்தியை வீசிவிட்டு, கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு, துடுப்பை வாங்கினாள். வாழ்நாள் முழுக்க அதற்காகவே காத்திருந்தவள் போல வாங்கினாள். வில்மோர் சிவப்புக் கொடியைப் பிரித்தான்.

அத்னெல் தரையில் கொஞ்சம் ரம் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டான். பிடில் எழுந்தது. ஆஸ்லின் தொப்பியைக் கழற்றிவிட்டு, கேக்கைத் தலையில் ஏற்றி, தட்டை விட்டுக் கைகளை எடுத்துவிட்டாள். கூட்டம் ஆவென்றது. அவளுக்கு அது சாதாரணம். முழங்கால் தரையைத் தொடும்வரை தாழ்ந்தாள், சுழன்றாள், தோளைக் குலுக்கினாள். இடுப்புக்குக் கீழே புயல், கழுத்துக்கு மேலே குளம். ஊரில் எத்தனையோ பெண்களை இப்படித்தான் இரண்டு சுற்றில் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அர்லெட்டுக்கு ஆட்டம் தெரியாது. அவள் நடந்தாள். வெள்ளைக் கேக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் லேசாகத் தொட்டுத் தாங்கி, பெரிய கப்பல் துறைக்குள் நுழைவது போல, நேராக, அவசரமில்லாமல், தாளத்துக்கு ஓர் அடியாக முன்னால் வந்தாள். ஆஸ்லின் இடப்பக்கம் சுழன்று வந்து மறித்தாள். அர்லெட் வந்துகொண்டே இருந்தாள். வலப்பக்கம் மறித்தாள், வந்துகொண்டே இருந்தாள். அந்தக் கண் ஆஸ்லினின் நெற்றியைக் குறிவைத்து, இமைக்காமல் வந்தது. ஆஸ்லின் ஓர் அடி பின்வைத்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோபத்தில் அல்ல, சந்தோஷத்தில். எதிராளி என்று ஒருத்தி கடைசியில் கிடைத்துவிட்டாள்.

பஸ்காரர்கள் தாளத்துக்கு ஹாரன் அடித்தார்கள். டவுன், டவுன் என்று நடத்துநர்கள் கத்தினார்கள். அந்தச் சத்தம் அர்லெட்டின் தலைக்கு ஏறிவிட்டது. நேராக நடந்துகொண்டிருந்தவள், எல்லாரும் பார்த்திருக்க, உதட்டோரம் ஒரு சிரிப்போடு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

கழுத்து தாங்கியது. வெயிலில் இளகியிருந்த கேக்தான் தாங்கவில்லை. மெல்ல, மரியாதையாக, அவள் இடது தோள் பக்கமாக அது நழுவியது. பேக்கரிக்காரர் பாய்ந்து வந்து தன் வெள்ளைக் கோட்டில் அதை வாங்கிக்கொண்டார். அர்லெட்டின் காதிலும் தோளிலும் சர்க்கரைப் பூக்கள் ஒட்டியிருந்தன. அவள் ஒரு பூவை எடுத்துப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரனாஜில் அந்தச் சிரிப்பை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

கேக் ஆட்டம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு ஜெயித்தது. விண்ட்வர்ட் ஆட்கள் தொப்பிகளை மேலே எறிந்தார்கள்.

கொடி மிச்சமிருந்தது. அந்தப் பக்கம் வில்மோரும் டோரெத்தும் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்கள். கடலில் துவண்டு கிடந்த அந்த ஆளா இவன் என்று கேட்கும்படி வில்மோர் பம்பரமாகச் சுற்றினான். கடைசி மெட்டு வந்ததும், வழக்கப்படி, தன் கொடியை உயர்த்தி மஞ்சளின் மேல் கொண்டு வந்தான்.

"இப்ப நீ இறக்கணும்" என்று யாரோ டோரெத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

"நான் எதுக்குடா இறக்கணும்?"

சொல்லிக்கொண்டே டோரெத் தன் ஐஸ் பெட்டியின் மேல் ஏறிவிட்டாள். துடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் பட்டு சிவப்புக்கு மேலே, கடைகளின் மாடிக்கு நேராக, காற்றில் படபடத்தது.

வில்மோருக்குப் பக்கத்திலேயே கப்பலைக் கயிற்றால் கட்டி வைக்கும் கம்பம் இருந்தது. அதில் ஏறு, ஏறு என்று அவன் ஊர்க்காரர்கள் கத்தினார்கள். வில்மோர் ஏறவில்லை. கழியின் அடியைத் தரையில் ஊன்றி, அதைப் பிடித்தபடி நிம்மதியாக நின்றுகொண்டான்.

அத்னெலின் வில் பாதியில் நின்றது. விண்ட்வர்ட் ஆட்கள் எல்லாரும் ஆஸ்லினைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் சரி, தப்பு சொல்ல அவளைவிட்டால் ஆள் கிடையாது. ஆஸ்லின் அர்லெட்டைப் பார்த்தாள். அர்லெட் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சர்க்கரை ஒட்டிய முகத்தை அண்ணாந்து, மேலே பறக்கிற மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெர்லிசா, வெறுங்காலோடு, அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு, அவளும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடில் ஏன் நின்னுச்சு?" என்றாள் ஆஸ்லின்.

அத்னெல் வாயைத் திறந்தான், மூடினான், வில்லை இழுத்தான். அதற்குப் பிறகு யார் எந்த வீடு என்று பார்க்காமல் எல்லாரும் ஆடினார்கள். நடத்துநர்கள் ஆடினார்கள், லாரிக்காரன் ஆடினான். காஸ்மஸ் மெர்லிசாவை ஒரு கையிலும் அம்மாவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஆடினான். உல்லாசக் கப்பலில் வந்த ஒரு தம்பதியர், இதற்கெல்லாம் டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் தாங்களும் இறங்கிவிட்டார்கள். இப்படியே ஆடிக்கொண்டே ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஹாலில் வெள்ளைக் கேக்கின் மிச்சமும் கறுப்புக் கேக் முழுவதும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தன. பேக்கரிக்காரர் கறுப்புக் கேக்கை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டுப் பாடத் தொடங்கினார். டோரெத்தை யாரும் அழைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே குளித்து, பூப்போட்ட உடையில் வந்து, கொடி பிடித்தவளுக்கு எங்கே இடம் என்று வாசலில் நின்று கேட்டாள். அர்லெட் எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பாதிரியார் ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று.

ஏன் கம்பத்தில் ஏறவில்லை என்று ஆஸ்லின் வில்மோரிடம் கேட்டாள்.

அவன் வாயிலிருந்த ஆட்டுக்கறியை மென்று முடித்தான். "நம்ம கல்யாணத்துல உன் முகத்தைப் பாத்தேன்ல" என்றான்.

முகத்திரைக்குள் இருந்ததை இவன் எப்படிப் பார்த்தான் என்று ஆஸ்லின் கேட்க நினைத்தாள். அதற்குப் பதில் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அத்னெலுக்குத்தான் மனது ஆறவில்லை. ஊரில் போய் என்னவென்று சொல்வது என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டான். சொல்லாமல் இருந்துவிடு என்றாள் ஆஸ்லின். ஆனால் துறைமுகமே போனைத் தூக்கிப் படம் பிடித்திருந்தது. அவர்கள் கப்பல் ஹில்ஸ்பரோவைச் சேருவதற்கு முன்பே விண்ட்வர்டில் பச்சைக் குழந்தை உட்பட எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஆண்கள் வில்மோரைக் கிண்டல் செய்தார்கள். பெண்கள் வேறு யோசனையில் இருந்தார்கள்.

அடுத்த கல்யாணம் விண்ட்வர்டிலேயே நடந்தது. ஆஸ்லின் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆட ஒத்துக்கொண்டிருந்தாள். நடுத்தெருவில் இரண்டு வீடும் சந்தித்தபோது, பெண்ணின் சித்தி ஒரு கையில் கொடியும் மறு கையில் சமையலறை முக்காலியுமாக வந்து நின்றாள். ஆண்கள் கூச்சல் போட்டார்கள். இது எந்த ஊர் வழக்கம், முக்காலியை வெளியே எடு என்றார்கள். வழக்கம்போல எல்லாரும் ஆஸ்லினைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

"நான் கேக்கு ஆட வந்தவ. முக்காலிக்குத் தீர்ப்புச் சொல்ல வரல" என்று சொல்லிவிட்டு, அவள் கேக்கைத் தலைக்கு ஏற்றினாள்.